நாலே எபிசோடில் மூட்டை கட்டிய சிட்காமைப் பார்ப்பது எப்படி

ஓடிய தொடரைப் பார்க்க யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை, தலையணையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டால் போதும். ஓடாத தொடரைப் பார்க்கத்தான் கொஞ்சம் முறை வேண்டும். அதுவும் பிரிட்டனில் நன்றாக ஓடிய காமெடியை அமெரிக்கா வாங்கிக்கொண்டு போய்ச் சில வாரங்களிலேயே கவிழ்த்துவிட்ட கதை என்றால், எழுதவோ நடிக்கவோ ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட மலிவான பாடம் கிடைக்காது. சும்மா சிரிக்க வந்தவர்களுக்கும் பொழுது நன்றாகவே போகும், என்ன, சிரிப்பு அவர்கள் வைத்த இடத்தில் வராமல் வேறு இடத்தில் வரும்.

முதலில் ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். நான் சொல்வது 'கப்ளிங்'. ஸ்டீவன் மோஃபட் எழுதி, 2000 மே மாதம் பிபிசி டூவில் தொடங்கி, 2004 வரை நாலு சீசன், மொத்தம் 28 எபிசோடு, அத்தனையும் அவர் ஒருவரே எழுதியது. தயாரிப்பாளர் சூ வெர்ட்யூ, மோஃபட்டின் மனைவி. கதையில் வருகிற காதல் ஜோடிக்கு ஸ்டீவ், சூசன் என்று பெயர் வைத்ததிலிருந்தே யார் வீட்டுக் கதை என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் என்பிசி சேனல் இதே பெயரில், கதையை சிகாகோவுக்குக் கொண்டுபோய், 2003 செப்டம்பர் 25 அன்று தொடங்கியது. அக்டோபர் 23-க்குப் பிறகு அதைத் திரையில் காணோம். ஒளிபரப்பானது நாலு எபிசோடு, எடுத்து வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. நவம்பர் அங்கே அப்போது 'ஸ்வீப்ஸ்' மாதம், அந்த மாதத்துப் பார்வையாளர் கணக்கை வைத்துத்தான் சேனலை அந்தந்த ஊரில் ஒளிபரப்பும் உள்ளூர் நிலையங்கள் விளம்பரக் கட்டணம் பேசின. அந்த நேரத்தில் நொண்டிக் குதிரையை யாரும் பந்தயத்தில் விடமாட்டார்கள்.

எதை முதலில் பார்ப்பது? எல்லோரும் அசல்தான் முதலில் என்பார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன், அமெரிக்க முதல் எபிசோடை முதலில் பாருங்கள், பேனா பேப்பர் எதுவும் இல்லாமல், ஒரே மூச்சில். அசலை முதலில் கேட்டுவிட்டால் காது அந்த மெட்டுக்கே பழகிவிடும், அப்புறம் நகலில் எது வந்தாலும் அபஸ்வரமாகத்தான் படும், அது நியாயமான தீர்ப்பும் ஆகாது. முதல் தடவை உங்களுக்குச் சிரிப்பு வந்ததா, எங்கே வந்தது, எங்கே வரவேண்டும் என்று தெரிந்தும் வரவில்லை, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு காபி குடித்துவிட்டு பிரிட்டிஷ் முதல் எபிசோடு. அதற்குப் பிறகு மறுபடியும் அமெரிக்கப் பதிப்பு, இந்த மூன்றாவது சுற்றுக்குத்தான் பேனா.

இன்னும் கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். என்பிசி இதை வியாழக்கிழமை இரவு 9.30-க்குப் போட்டது, 'வில் அண்ட் கிரேஸ்' முடிந்த கையோடு. அதே இரவு எட்டு மணிக்கு 'ஃப்ரெண்ட்ஸ்' பத்தாவது சீசனின் முதல் எபிசோடு. பத்துதான் கடைசி சீசன் என்று ஊருக்கே தெரியும், அடுத்து யார் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறார்கள் என்ற கேள்வி இருந்துகொண்டே இருந்தது. ஆகவே அந்த 'ஃப்ரெண்ட்ஸ்' எபிசோடைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் 'கப்ளிங்'கைப் போடுங்கள். மூன்று ஆண், மூன்று பெண், ஒருவரோடு ஒருவருக்கு முன்கதை, கூடிப் பேச ஓர் இடம், அங்கே காபிக் கடை, இங்கே பார். பிரிட்டனில் வந்தபோதே இதை 'பிரிட்டிஷ் ஃப்ரெண்ட்ஸ்' என்றுதான் சொன்னார்கள். அதைத் திருப்பிக் கொண்டுவந்து 'ஃப்ரெண்ட்ஸ்' ஓடுகிற அதே சேனலில், அதே இரவில் விற்கப் பார்த்தால், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். எட்டு மணிக்கு வந்த ஆறு பேரும் பத்து வருடமாக வீட்டு ஆட்கள் மாதிரி, 9.30-க்கு வந்த ஆறு பேர் வாசலில் நிற்கிற அந்நியர்கள். இந்தக் குளிர்ச்சியை உடம்பில் உணர்ந்தால்தான் மற்றது புரியும்.

சரி, பேனாவை எடுங்கள். முதலில் கடிகாரம்.

பிபிசியில் விளம்பரம் கிடையாது, அரைமணி நேரத் தொடர் என்றால் இருபத்தெட்டு, இருபத்தொன்பது நிமிடம் வரும். அமெரிக்கப் பெரிய சேனலில் அதே அரைமணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபத்தொன்று, இருபத்திரண்டு நிமிடம். ஆறேழு நிமிடம் காணாமல் போகிறது, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. முதல் எபிசோடின் கதை இரண்டிலும் ஒன்றுதான், ஆகவே அந்த ஆறேழு நிமிடம் எதன் வயிற்றில் அடித்து எடுக்கப்பட்டது என்று தேடுவதுதான் உங்கள் வேலை. ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள், இரண்டு பத்தியாக, இடப்பக்கம் பிரிட்டன், வலப்பக்கம் அமெரிக்கா. ஆறு பேரில் ஒவ்வொருவரும் எந்த நிமிடத்தில் நுழைகிறார், யாருக்கும் யாருக்கும் முன்பே தொடர்பு உண்டு என்பது நமக்கு எப்போது தெரிகிறது, கதையில் இருப்பவர்களுக்கு எப்போது தெரிகிறது, இது மூன்றும் போதும்.

இப்படிக் குறித்துப் பார்த்தபோது எனக்கு உறைத்தது இது. வெட்டுகிறவன் ஜோக்கை வெட்டமாட்டான். காகிதத்தில் ஜோக்தான் சொத்தாகத் தெரியும், அதில் கைவைக்க யாருக்கு மனசு வரும்? அதனால் போவதெல்லாம் ஜோக்குக்கு முன்னால் இருக்கிற இடம்தான், ஒருவன் சொன்னதை இன்னொருவன் காதில் வாங்கி முகம் மாறுகிற அந்த ஒன்றரை நொடி, சொல்லலாமா வேண்டாமா என்று கிளாஸை மேசையில் வைத்துவிட்டு மறுபடி எடுப்பது, இந்த மாதிரி. குழம்பைக் கொதிக்க விடாமல் தாளித்து மட்டும் இறக்கினால் வாசனை தூக்கும், வாயில் வைத்தால் பச்சைத் தண்ணீர். 'கப்ளிங்' மேலோட்டத்துக்கு ஆறு பேர் உட்கார்ந்து படுக்கையறை விவகாரம் பேசுகிற தொடர், உள்ளே அது கணக்கு வாத்தியார் எழுதியது போன்ற தொடர். யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே இழுப்பில் சரியவிடுவது. அடுக்குகிற நேரத்தைக் குறைத்துவிட்டால் சரிவதற்கு ஒன்றும் இருக்காது.

இதற்கு நல்ல சாட்சி வேண்டுமானால் பிரிட்டிஷ் முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடைப் போடுங்கள். ஜெஃப் என்கிற அந்தக் குழுவின் கோமாளி, பாரில் ஓர் இஸ்ரேலியப் பெண்ணைச் சந்திக்கிறான். அவளுக்கு ஆங்கிலம் வராது, இவனுக்கு ஹீப்ரு வராது. முழுக் காட்சியையும் ஒரு தடவை ஜெஃப் பக்கமிருந்து பார்க்கிறோம், அவள் பேசுவது நமக்கும் புரியவில்லை. அப்புறம் அதே காட்சி, அதே அசைவுகள், அவள் பக்கமிருந்து. இப்போது அவள் பேசுவது ஆங்கிலத்தில் கேட்கிறது, ஜெஃப் பேசுவதுதான் புரியாத பாஷை. முதல் தடவை நாம் பார்த்த ஒவ்வொரு தலையாட்டலுக்கும் இரண்டாம் தடவை வேறு அர்த்தம். ஒரே காட்சியை இரண்டு தடவை காட்டக் கையில் நேரம் இருக்கிறவன் செய்கிற வேலை இது. இருபத்தொரு நிமிடத்தில், நடுவில் விளம்பர இடைவேளைகளுக்கு ஒவ்வொரு முறையும் கொக்கி போட்டு நிறுத்த வேண்டும் என்ற கட்டாயத்தோடு இதை எப்படிச் செய்வீர்கள் என்று பென்சிலை வைத்துக்கொண்டு நீங்களே ஒரு தடவை திட்டம் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தலை சுற்றும்.

அடுத்த வேலை, படத்தை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்பது. நான் இதைக் காய் நறுக்கிக்கொண்டே செய்வேன், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. பிரிட்டிஷ் ஜெஃப் வேல்ஸ்காரன். ரிச்சர்ட் கோய்ல் என்ற நடிகர் உண்மையில் ஷெஃபீல்டுக்காரர், வேல்ஸ் உச்சரிப்பைப் பாத்திரத்துக்காகப் போட்டுக்கொண்டார். அந்த உச்சரிப்பில் வாக்கியம் ஏறி இறங்கி, கேள்வியா பதிலா என்று தெரியாமல் ஒரு ஆட்டத்தோடு போகும். ஜெஃப் எதற்கெடுத்தாலும் ஒரு தத்துவம், அதற்கு ஒரு பெயர் என்று கண்டுபிடித்துக்கொண்டே இருப்பவன். துக்க வீட்டில் மௌனமாக நிற்கும்போது, இப்போது சிரித்துவிட்டால் எவ்வளவு அசிங்கம் என்று ஒரு நினைப்பு வரும், அந்த நினைப்பே சிரிப்பை மூட்டும், அடக்க அடக்க இன்னும் பெரிதாகும் என்று அவன் ஒரு சுழலை விளக்குகிறான் பாருங்கள், அதே எபிசோடில் எல்லோரும் ஒரு இறுதிச் சடங்கில் ஒரு நிமிட மௌனத்தில் நிற்க வேண்டி வருகிறது, ஜெஃப் சொன்ன நோய் அத்தனை பேருக்கும் தொற்றியிருக்கிறது. அந்த விளக்கத்தைக் காதால் மட்டும் கேட்டால் அதில் பாதி சங்கீதம் என்று தெரியும். அமெரிக்க ஜெஃபாக வந்த கிறிஸ்டஃபர் மொய்னிஹன் மோசமான நடிகர் என்று நான் சொல்லமாட்டேன். வசனம் வந்து சேர்ந்தது, அந்த வசனம் எந்த வாயின் ஆட்டத்துக்கு அளந்து தைக்கப்பட்டதோ அந்த ஆட்டம் கப்பலிலேயே தங்கிவிட்டது. இன்னொருவருக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மனிதர் என்னதான் செய்வார்?

(கோய்ல் மூன்றாம் சீசனோடு விலகிக்கொண்டார் என்பதும், அசலேகூட அவர் இல்லாத நாலாவது சீசனில் கொஞ்சம் திணறியது என்பதும் இந்த இடத்தில் சொல்ல வேண்டிய விஷயம். எனக்கு நாலாவதின் முதல் எபிசோடு மட்டும் பிடிக்கும், ஒன்பதரை நிமிடச் சம்பவத்தை மூன்று பேர் பக்கமிருந்து மூன்று தடவை காட்டுவார்கள்.)

மூன்றாவது வேலை, ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு வரி வரியாக எழுதிப் பார்ப்பது. முதல் எபிசோடில் ஸ்டீவ், ஜேனிடம் உறவை முறித்துக்கொள்ளலாம் என்கிறான். ஜேன் அழவில்லை, கத்தவில்லை. அதை ஏற்றுக்கொள்ள முடியாது என்கிறாள், கடைக்காரர் 'விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை' என்று சொல்கிற அதே நிதானத்தோடு. ஜெஃப் இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறான், கழிப்பறையில் எத்தனை தடவை தண்ணீரை இழுத்துவிட்டாலும் போகாமல் மிதக்கிற மாஜி காதலி. எபிசோடின் தலைப்பே ('ஃப்ளஷ்ட்') அதிலிருந்துதான். இந்தக் காட்சியை இரண்டு பதிப்பிலும் நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். வசனம் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் ஒத்துப்போவதைப் பார்ப்பீர்கள். இப்போது வசனத்தை விட்டுவிட்டு நடுவில் இருக்கிற மௌனத்துக்கு மட்டும் புள்ளி வையுங்கள், சின்ன மௌனத்துக்கு ஒரு புள்ளி, பெரிய மௌனத்துக்கு இரண்டு. ஜீனா பெல்மன் நடித்த ஜேன், தான் சொல்வது சாதாரண உலக நடப்பு என்று முழுக்க நம்புகிற பெண். அந்த நம்பிக்கையைக் காட்ட அவர் எடுத்துக்கொள்கிற இடமெல்லாம் உங்கள் புள்ளிகளில் தெரியும். வலப்பக்கப் பத்தியில் புள்ளிகள் எத்தனை விழுகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த ஈயடிச்சான் காப்பிதான் முதல் வகை நோய். அசல் ஆசிரியரே கூட இருந்தார், ஸ்க்ரிப்டும் அவருடையதுதான், அப்புறம் எப்படிக் கெட்டது என்று கேட்கலாம். மோஃபட் பிற்பாடு பழியை நேரடியாக சேனல் தலையீட்டின் மேல்தான் போட்டார். அது ஒருபக்கம் இருக்கட்டும், வேறு சங்கடங்களும் இருந்தன. முதலில் எடுத்த பைலட்டில், அதாவது வெள்ளோட்ட எபிசோடில், நடித்த சிலரை மாற்றிவிட்டு மறுபடி எடுத்தார்கள். பிரிட்டிஷ் பதிப்பு 'பிபிசி அமெரிக்கா' என்ற சேனலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால், விமர்சகர்கள் கையில் அளவுகோலோடு காத்திருந்தார்கள். சால்ட் லேக் சிட்டியில் மார்மன் திருச்சபைக்குச் சொந்தமான நிலையமும், இண்டியானாவில் நோட்ர டாம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நிலையமும் படுக்கையறைப் பேச்சு அதிகம் என்று தொடரைப் போடவே மறுத்தன. விளம்பரம் செய்தவர்களும் அந்தப் பேச்சைத்தான் கடைத்தெருவில் கூவி விற்றார்கள். பிரிட்டனில் பாதி பேர் அதைப் பார்த்தது கட்டுமானத்தின் அழகுக்காக என்பது அவர்கள் மண்டையில் ஏறியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வகை நோய் இதற்கு நேர் எதிர், வேரையே பிடுங்கிவிட்டுச் செடியை நடுவது. இதற்கு 'ஃபால்டி டவர்ஸ்' ஜோடி. ஜான் க்ளீஸும் கோனி பூத்தும் எழுதியது, 1975-லும் 1979-லும் ஆறு ஆறாக மொத்தம் 12 எபிசோடுதான். டார்க்கீ என்ற கடலோர ஊரில் ஒரு ஹோட்டல், அதன் உரிமையாளர் பேசில், பெரிய மனிதர்களைக் கண்டால் குழைவதும் மற்றவர்களைக் கண்டால் கடிப்பதும் மனைவி சிபிலைக் கண்டால் நடுங்குவதும் அவர் தொழில். 1983-ல் ஏபிசி சேனல் இதை 'அமாண்டாஸ்' என்று கலிஃபோர்னியக் கடற்கரைக்குக் கொண்டுபோனது. பீ ஆர்தர்தான் ஹோட்டல்காரி. பேசில்? பேசில் கிடையாது. கணவன், மனைவி இருவர் வேலையையும் அந்த ஒரே அம்மாளிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு மாற்றம்தான் செய்தோம், பேசிலை எடுத்துவிட்டோம் என்று அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் தன்னிடம் சொன்னதாக க்ளீஸ் இதை இன்றும் கதையாகச் சொல்லிச் சிரிக்கவைப்பார்.

இந்த ஜோடிக்குக் கடிகாரம் வேண்டாம், புள்ளி வைக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைக் காகிதத்தின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள்: இங்கே யார் யாருக்குப் பயப்படுகிறார்? 'ஃபால்டி டவர்ஸ்' தொடரில் ஒவ்வொரு காட்சிக்கும் பதில் இருக்கும், பேசில் சிபிலுக்கு, பணியாள் மானுவல் பேசிலுக்கு, பேசில் சுகாதார ஆய்வாளருக்கு, இல்லாத பிரபுவுக்கு. பயம் இருப்பதால்தான் பொய், பொய் இருப்பதால்தான் ஓட்டம். பீ ஆர்தர் எவ்வளவு பெரிய காமெடி நடிகை, ஒரு புருவத்தில் சபையைச் சிரிக்கவைப்பவர், ஆனால் அந்த ஹோட்டலில் அவர் வீட்டுக்குள்ளேயே பயப்பட ஓர் ஆள் இல்லையே. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்தது மே மாதத்தோடு முடிந்தது. 1999-ல் சிபிஎஸ் 'பேய்ன்' என்று மறுபடி முயன்றது, ஜான் லாரோகெட் நடிக்க, இந்தத் தடவை கணவன் மனைவி இருவரையும் வைத்துக்கொண்டு. அது மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரலோடு போய்விட்டது. நேரம் குறைவாக இருந்தால் 'பேய்ன்' தொடரைத் தவிர்த்துவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது.

மருந்து என்ன என்று பார்க்காமல் நோயை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தால் மனசு கசந்துவிடும், அதனால் கடைசியாக 'தி ஆஃபீஸ்'. ஓடிய தொடருக்கு வழிகாட்டி வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னேன், சரி, இதற்கு மட்டும் கொஞ்சம் வேண்டும். 'கப்ளிங்' தயாரிப்பில் இருந்த பென் சில்வர்மன்தான் இதையும் கொண்டுவந்தவர், சேனலும் அதே என்பிசி, வந்தது ஒன்றரை வருடம் கழித்து, 2005 மார்ச்சில். எல்லோரும் நேராக இரண்டாம் சீசனுக்குப் போகச் சொல்வார்கள். போகாதீர்கள். பிரிட்டிஷ் முதல் எபிசோடு, அமெரிக்க முதல் எபிசோடு, அமெரிக்க இரண்டாவது எபிசோடு, இந்த வரிசையில் மூன்றையும் ஒரே மாலையில் பாருங்கள். அமெரிக்க முதல் எபிசோடு அப்படியே பிரிட்டிஷ் கதை, ஜெல்லிக்குள் ஸ்டேப்ளரை வைப்பதிலிருந்து வரவேற்பாளரிடம் போலியாக வேலை போய்விட்டது என்று சொல்லி அழவைப்பது வரை. பார்க்கும்போதே 'கப்ளிங்'கில் அடித்த அதே வாடை அடிக்கும், மேலாளராக நடித்த ஸ்டீவ் கேரல் இன்னொருவர் சட்டைக்குள் நெளிவார். இரண்டாவது எபிசோடில் அவர்களே சொந்தமாக ஒரு கதை எழுதினார்கள், அலுவலகத்தில் இனப் பாகுபாடு பற்றிய பயிற்சி வகுப்பு, ஆளுக்கொரு அட்டையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு. இது பிரிட்டனில் இல்லாத காட்சி, அமெரிக்க அலுவலகத்துக்கே உரிய சங்கடம். அங்கிருந்துதான் மூச்சு வருகிறது. அந்த முதல் சீசனே ஆறு எபிசோடுதான், அதற்குள் மூடியிருந்தால் இதுவும் நம் பட்டியலில் சேர்ந்திருக்கும். மாறாக ஒன்பது சீசன், 201 எபிசோடு, 2013 வரை.

இதிலிருந்து நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன், எந்த ஜோடிக்கும் செல்லும். நகலில், அசலில் வரவே முடியாத ஒரு காட்சி எத்தனையாவது எபிசோடில் வருகிறது என்று பாருங்கள். சீக்கிரம் வந்தால் பிழைத்துக்கொள்ளும்.

தொடர்ந்து பார்க்க ஆசை வந்துவிட்டால் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' ஜோடிக்குப் போங்கள். லண்டனில் பழைய சாமான் வாங்கி விற்கும் அப்பனும் மகனும் 1972-ல் 'சான்ஃபர்ட் அண்ட் சன்' ஆகி லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பினக் குடும்பமாக வந்து இறங்கினார்கள், அமோகமாக ஓடியது. அந்த உரிமையை அமெரிக்காவுக்கு விற்றவர் பெரில் வெர்ட்யூ, நம் சூ வெர்ட்யூவின் அம்மா. அம்மா விற்ற சரக்கு ஓடியது, மகள் விற்ற சரக்கு ஓடவில்லை, நடுவில் முப்பது வருடம். இரண்டையும் அடுத்தடுத்த வாரத்தில் பார்க்கலாம்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. வீட்டில் யாரையாவது துணைக்கு உட்கார்த்தி வைத்தால், அமெரிக்கப் பதிப்பு ஓடும்போது 'அசலில் இந்த இடம் எப்படி இருக்கும் தெரியுமா' என்று வாயைத் திறக்காதீர்கள். நான் ஒரு ஞாயிறு மதியம் இருபத்திரண்டு நிமிடத்தில் பதினோரு தடவை திறந்தேன். என் தங்கை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள், அடுத்த ஞாயிறு வரவில்லை.